பிடுங்காத பல்

நவம்பர் 4, திங்கள்

கோரைத்தீவுக்கு வந்து சேர்ந்தோம். கடல் அவ்வளவு மோசமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். என் வயிறு அதை ஏற்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் வாந்தி எடுத்தபோது என் உதவியாளர் அமலநாதன் பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பி நின்றார். கையை மட்டும் பின்னால் நீட்டித் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். படகோட்டி சூசைப்பிள்ளைக்கு அந்த நாகரிகம் இல்லை. "பல் மிஸ்ஸுக்குக் கடல் பிடிக்கேல்லைப் போல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

சாமான்களை இறக்கிப் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவரப் பின்னேரமாகிவிட்டது. மடிக்கும் கதிரை, விளக்கு, கருவிகளை அவிக்கும் குக்கர், எச்சில் உறிஞ்சும் இயந்திரம், அது வேலை செய்யாவிட்டால் காலால் மிதிக்கிற பழைய உறிஞ்சி. அந்தப் பழையதை விட்டுவிட்டு வரலாம் என்றேன் நான். "கிடக்கட்டும் மிஸ், பாரமில்லை" என்று அமலநாதன் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது செல்வராணியின் வீட்டில் ஓர் அறை. அமலநாதன் பாடசாலையிலேயே படுக்கிறார். இந்தத் தீவில் வைத்தியர் இல்லை. செவ்வாய்தோறும் படகில் ஒருவர் வந்து போவார். எங்கள் பல் வைத்தியர் துஷ்யந்தி அடுத்த கிழமை வந்து பெரியவர்களைப் பார்ப்பார். பாடசாலைப் பல் சிகிச்சையாளரான நானும் அமலநாதனும் அதற்குள் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து முடிக்க வேண்டும்.

அம்மா தொலைபேசியில் வந்தார். கனடா மாப்பிள்ளை மறுபடியும் கேட்டு அனுப்பியிருக்கிறாராம். எனக்கு முப்பத்தேழு வயது என்பதை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஞாபகப்படுத்தினார்.

நவம்பர் 5, செவ்வாய்

முதலாம் வகுப்பு. அழுகை, கடி, எட்டி உதை. மெரினா என்கிற ஒரு சின்னப் பெண் என் பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டாள்.

அமலநாதன் என்னோடு வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதமிருக்கும். அவரிடம் ஒரு பழக்கம். பிள்ளை வந்து கதிரையில் ஏறியதும் உடனே வாயைத் திற என்று சொல்லமாட்டார். ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டுவார். "இது கண்ணாடி. இதுக்கு உன்ர பல்லை மட்டும்தான் பாக்கத் தெரியும். இது தும்பி, சத்தம் போடும், கடிக்காது. ஊசி கொஞ்சம் நோகும். நொந்தால் கையைத் தூக்கு, மிஸ் நிப்பாட்டுவா." பல் துளைக்கும் கருவிக்கு அவர் வைத்த பெயர்தான் தும்பி. நோகாது என்று மட்டும் அவர் சொல்லமாட்டார். பிள்ளையிடம் இப்படிச் சொல்லிக்கொண்டு நின்றால் வேலை எப்போது முடியும் என்று கேட்டேன். "முடியும் மிஸ்" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் மெரினா இரண்டாம் முறை அவரிடம் வந்தபோது கையைத் தூக்கினாள். நான் நிறுத்தினேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தானாகவே வாயைத் திறந்தாள். பல்லை அடைத்து முடித்தோம்.

நவம்பர் 6, புதன்

மின்சாரம் இல்லை. பழைய உறிஞ்சியைக் காலால் மிதித்துத்தான் வேலை செய்தோம். அதாவது, அவர் மிதித்தார்.

நவம்பர் 7, வியாழன்

மதியம் சூசைப்பிள்ளை மண்டப வாசலில் வந்து நின்றார். கன்னத்தைப் பொத்தியிருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல். கிட்டப் போனதும் கராம்பு எண்ணெய் மணந்தது.

"இந்தப் பல்லை ஒருக்காப் பிடுங்கிவிடுங்கோ மிஸ்."

"அண்ணை, எனக்குப் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பாக்கத்தான் அனுமதி. பெரியாக்களின்ர பல்லை டொக்டர்தான் எடுக்கோணும்."

"சின்னப் பல்லெண்டாலும் பெரிய பல்லெண்டாலும் குறடு ஒண்டுதானே?"

பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். குறடு ஒன்றல்ல, வேரும் ஒன்றல்ல என்று விளக்கினேன். அவர் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. கதிரையில் இருத்திப் பார்த்தேன். பல் பாதி அரித்துப் போயிருந்தது. ஈறு சிவந்திருந்தது. முகத்தில் வீக்கம் இல்லை. அங்கேயே டொக்டர் துஷ்யந்தியை அழைத்தேன். "நாளைக்குப் படகு வருமெல்லே, அதில அவரை அனுப்பிவிடுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

சூசைப்பிள்ளைக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு. "நான்தானே படகு. என்னை நானே ஏத்திக்கொண்டு போறதோ? பாப்பம், பாப்பம்." போய்விட்டார்.

அவர் போன பிறகு குறடுகள் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கைக்கு அந்தப் பல் வராது என்றில்லை. பயிற்சிக் கல்லூரியில் என் கையைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார்கள். அமலநாதன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார். அது எனக்கு உதவியாக இருந்தது.

நவம்பர் 8, வெள்ளி

காற்று. கடலில் இறங்க வேண்டாம் என்று வானொலியில் அறிவித்தல். படகு இல்லை. சூசைப்பிள்ளையும் போகவில்லை.

பிள்ளைகள் பாதிப்பேர்தான் வந்தார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது. அமலநாதன் பாடசாலை அதிபரின் அடுப்பில் கூனி இறால் சம்பல் செய்து புட்டோடு கொண்டுவந்தார். நான் கூனி சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை வேறு. அது நினைவுக்கு வந்தபோது பாதியைச் சாப்பிட்டு முடித்திருந்தேன். அவருக்கு ஊர் மன்னார்ப் பக்கம் பேசாலை. மீன்பிடிக் குடும்பம். தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டாராம். செல்வராணிதான் விசாரித்து வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை.

கருவி துடைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுக்கிறார். எந்தப் பாட்டு என்று பிடிபடவில்லை. ஒரு நாளைக்குக் கேட்க வேண்டும். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அரைமணி நேரமாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை இல்லாவிட்டால் இப்படித்தான்.

நவம்பர் 9, சனி

மழை. துணி காயவில்லை. செல்வராணியின் ஆட்டுக்குட்டி என் செருப்பைத் தின்றுவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

எழுத நேரமில்லை. சூசைப்பிள்ளையைக் கொண்டு போகிறோம்.

நவம்பர் 11, திங்கள்

அக்கரையில் உள்ள பெரிய வைத்தியசாலையின் விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். போட்டிருப்பது டொக்டர் துஷ்யந்தியின் சட்டை. எனக்குப் பெரிது. நேற்று நடந்ததை நேற்றே எழுதக் கை வரவில்லை.

காலைப் பூசை முடிந்த கையோடு சூசைப்பிள்ளையின் மனைவி லூர்த்தம்மா செல்வராணியிடம் ஓடி வந்தார். "அவருக்குத் தண்ணியும் இறங்குதில்லை, பிள்ளை." நானும் போனேன். போகிற வழியில் பாடசாலையில் நின்ற அமலநாதனையும் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று தெரியாது.

சூசைப்பிள்ளை கட்டிலில் படுக்கவில்லை. முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். தாடை தெரியவில்லை. காதடியிலிருந்து தொண்டை வரை இரண்டு பக்கமும் ஒன்றாக வீங்கி, தொட்டால் பலகை மாதிரி. வாயால் எச்சில் ஒழுகியது. வாயை ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. ரோச் விளக்கு அடித்துப் பார்த்தேன். நாக்கு மேலே தூக்கி அண்ணத்தை முட்டிக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னார். வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

படிக்கிற காலத்தில் இதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பல்லில் தொடங்கிய கிருமி நாக்கின் அடிக்குப் போய்விட்டால் மூச்சுக் குழாயை அடைக்கும். அப்போது பல் ஒரு விஷயமே இல்லை. மூச்சுத்தான் விஷயம்.

வீடு நிறைய ஆட்கள். சூசைப்பிள்ளையின் தம்பி நீக்கிலாஸ் என் முன்னால் வந்து நின்றான். "மிஸ், பல்லைக் கழட்டிவிடுங்கோ. சீழ் வந்தா எல்லாம் சரியாகும்."

"இப்ப பல்லைத் தொடக் கூடாது. உடனை கடலுக்கு அங்கால பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

"இந்தக் கடலிலயோ? அண்ணனே போக ஏலாது எண்ட கடல் இது."

லூர்த்தம்மா அழுதுகொண்டே கத்தினார். "பல்லுக்கு எண்டு வந்தனீங்கள். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறியள். வியாழக்கிழமை வந்து கேட்டவர்தானே? அண்டைக்கே பிடுங்கியிருந்தா இது வந்திருக்குமோ?"

அதே கேள்வியை வாசல்படி ஏறும்போதே நான் என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நீக்கிலாஸ் அமலநாதனைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை. நீங்களும் கடற்கரை ஆள்தானே."

அமலநாதன் குரலை உயர்த்தாமல் சொன்னார். "மிஸ் ஏலாது எண்டு சொன்னா ஏலாது. ஏலும் எண்டதை அவ ஒரு நாளும் ஏலாது எண்டு சொன்னதில்லை. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். இப்ப நேரம் போகுது. படகை ஆயத்தப்படுத்துங்கோ."

நான் டொக்டர் துஷ்யந்தியை அழைத்தேன். பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "நளாயினி, பல்லில கை வைக்காதேங்கோ. படுக்க விடாதேங்கோ. எச்சில் தொண்டைக்குள்ள போகாமப் பாருங்கோ. சத்திரசிகிச்சைக் கூடத்தை நான் ஆயத்தம் செய்யிறன். கொண்டு வாங்கோ." கடற்படைப் படகையும் கேட்டுப் பார்த்தார்களாம். இந்த அலையில் தீவின் இறங்குதுறை அவர்களுடைய பெரிய படகுக்கு ஆழம் போதாது. ஆழக் கடலில் காத்திருந்து கூட வருவார்கள்.

அதையும் சூசைப்பிள்ளைக்குச் சொன்னேன். தலையை ஆட்டி முடியாது என்றார். கையால் கடலைக் காட்டி, விரலை மேலும் கீழும் அசைத்தார். தம்பியைக் காட்டினார். தன்னால் தம்பி சாகக் கூடாது என்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் அவர் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"அண்ணை, கடல் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் வந்த அண்டே நீங்கள் பாத்துச் சிரிச்சனீங்கள். ஆனா வாய் எனக்குத் தெரியும். நீங்கள் இஞ்ச இருந்தா பின்னேரம் வரைக்கும் மூச்சு எடுக்கமாட்டியள். கடலுக்குள்ள போனா எப்பிடியும் கொஞ்சம் வழி இருக்கு. உங்களால கதைக்க ஏலாட்டியும் கை இருக்கு. தம்பிக்குக் கையால சொல்லுங்கோ."

அவர் எழும்பினார். யாரையும் பிடிக்காமல் நடந்துபோய்ப் படகில் ஏறி, முன் பலகையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அமலநாதன் பாடசாலைக்கு ஓடிப் போய் அந்தப் பழைய உறிஞ்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

கடலைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. தண்ணீர் எங்களைவிட உயரமாக நின்றது, பிறகு கீழே போனது, பிறகு மறுபடியும் உயரமாக நின்றது. லூர்த்தம்மா நடுவில் இருந்து செபமாலை சொன்னார். நீக்கிலாஸ் பின்னால் இயந்திரத்தைப் பிடித்திருந்தான். நான் சூசைப்பிள்ளையின் முதுகுப் பக்கம் இருந்து, அவர் பின்னால் சாயாதபடி தாங்கிக்கொண்டேன். அமலநாதன் அவருக்கு ஒரு பக்கமாக, படகின் அடித்தட்டில் முழங்காலிட்டு இருந்தார். அந்த ஆட்டத்தில் காலால் மிதிக்க முடியவில்லை. உறிஞ்சியைப் பலகையோடு சாய்த்து வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். மறுகையால் குழாயைக் கடைவாய் ஓரத்தில் பிடித்தார். அமுக்கி, எடுத்து, அமுக்கி, எடுத்து. எச்சிலும் சீழும் கடல் தண்ணீரும் போத்தலில் சேர்ந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பல்லுக்குப் பக்கத்தில் பிடிக்கிற மாதிரி, ஓரிடத்திலும் குத்தாமல் அந்தக் குழாயைப் பிடித்திருந்தார்.

சூசைப்பிள்ளையின் வலக்கை எங்கள் எல்லோருக்கும் மேலே நின்றது. இடது. கொஞ்சம் இடது. நில். இப்போது விடு. நீக்கிலாஸ் அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்டினான். என் கன்னம் அவர் தோளோடு ஒட்டியிருந்ததால் ஒவ்வோர் அலைக்கும் முன்னால் அவர் உடம்பு இறுகுவது எனக்கு முதலில் தெரிந்தது. வயிறு புரட்டியதா என்று அம்மா இன்றைக்குக் கேட்டார். நினைவில்லை.

பாதி வழியில் ஒரு பெரிய அலை எங்களைத் தூக்கிப் போட்டது. குழாயில் ஏதோ அடைத்தது. சூசைப்பிள்ளைக்கு மூச்சு நின்றது. கையைக் கீழே போட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே நசுக்கினார். அமலநாதன் குழாயைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அடைப்பை நான் என் கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன். திரும்பவும் பொருத்தினார். அமுக்கினார். வரவில்லை. அமுக்கினார்.

"அண்ணை, என்னைப் பாருங்கோ" என்றேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. "மூக்கால. மெதுவா. கொஞ்சமா எடுத்தாப் போதும். நான் இஞ்சதான் நிக்கிறன். அமலன் இஞ்சதான் நிக்கிறார். கொஞ்சமா. ஆ, அப்பிடித்தான். கெட்டிக்காரன்." ஐம்பது வயதுப் படகுத் தண்டையலைக் கெட்டிக்காரன் என்று சொல்லியிருக்கிறேன்.

குழாயில் சளி ஏறும் சத்தம் கேட்டது. அவருடைய நெஞ்சு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் வலக்கையும் எழும்பியது. இடது. கொஞ்சம் இடது.

கடற்படைப் படகு எங்களுக்குக் காற்றுப் பக்கமாக வந்து அலையை மறைத்துக்கொண்டு கூட வந்தது. கரையில் அம்புலன்ஸ். அதன் பக்கத்தில் டொக்டர் துஷ்யந்தி மழையில் குடை இல்லாமல் நின்றார்.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, சீழை இறக்கி, கடைசியாகப் பல்லையும் எடுத்தார்களாம். உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்று காலை சொன்னார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். கரைக்கு வந்த பிறகு அமலநாதனின் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. "ஒண்டுமில்லை மிஸ்" என்று பின்னால் மறைத்தார். நீட்டச் சொன்னேன். நீட்டினார். மருந்து போட்டுக் கட்டினேன். கட்டு கொஞ்சம் நீளமாகிவிட்டது. அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

இன்று டொக்டர் துஷ்யந்தியிடம் கேட்டேன். "வியாழக்கிழமை நான் எடுத்திருந்தா?"

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். "தெரியாது நளாயினி. இது வராமலும் விட்டிருக்கலாம். அரை வேர் முறிஞ்சு அண்டைக்கே மோசமாயும் போயிருக்கலாம். நான் அங்க நிண்டிருந்தா எடுத்திருப்பன். நான் நிக்கேல்லை. அதுக்கு நீங்கள் எப்பிடிப் பொறுப்பு? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேந்து கத்தேக்க அந்தப் பல்லில கை வைக்காம இருந்தீங்களே, அதாலதான் அவர் இஞ்ச வந்து சேந்தவர்."

முழுதாக ஆறுதல் வரவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது ஆறுதலாக இருந்தது.

மதியம் சிற்றுண்டிச்சாலையில் லூர்த்தம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். தன் வடையைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார். சாப்பிடும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 14, வியாழன்

சூசைப்பிள்ளை கண் விழித்துவிட்டார். கழுத்தில் குழாய் இருப்பதால் பேச்சு வராது. என்னைக் கண்டதும் கையால் வயிற்றைத் தடவி, வாயைக் காட்டி, வாந்தி எடுப்பது மாதிரிச் செய்து காட்டி, புருவத்தை உயர்த்தினார். இல்லை, எடுக்கவில்லை என்றேன். நம்பமுடியாது என்று கையை விரித்தார். தாதி எங்கள் இருவரையும் அதட்டினார். அவரைச் சிரிக்க வைக்கக் கூடாதாம்.

நவம்பர் 17, ஞாயிறு

கடல் அடங்கிவிட்டது. நாளைக்குத் தீவுக்குத் திரும்புகிறோம். இந்த முறை டொக்டரும் வருகிறார். சாமான் கட்டும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார். "அமலநாதனுக்கு மன்னாருக்கு மாற்றம் வந்திட்டுது, தெரியுமோ? டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து. போன வருசம் கேட்டவராம். உங்களுக்குப் புது ஆள் தருவினம்."

நல்லது. வீட்டோடு இருக்கலாம். தங்கைகளும் பக்கத்தில். மன்னாரில் வசதியான சிகிச்சை நிலையம். அவருக்கு நல்லதுதான். எல்லாருக்கும் நல்லதுதான்.

டொக்டரின் கருவிகளை அவிக்கும் குக்கரைத் தண்ணீர் விடாமல் அடுப்பில் வைத்துவிட்டேன். அடி கருகிவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

தீவு. இறங்குதுறையில் பிள்ளைகள் கூட்டம். பெரியவர்களும் நிறையப் பேர், ஒவ்வொருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. இத்தனை பல்வலி இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்தது? டொக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அமலநாதன் இரண்டு கதிரைக்கும் நடுவில் ஓடினார். கையில் இன்னும் கட்டு.

அவர் மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அதில் என்ன.

நவம்பர் 19, செவ்வாய்

புது ஆள் யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், பிள்ளைக்கு முதலில் கண்ணாடியைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். நோகாது என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லிக் கொடுப்பேன்.

இன்றைக்கு வேறு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 20, புதன்

டொக்டர் காலைப் படகில் போய்விட்டார். எங்களுக்கு இன்னும் ஒரு வகுப்புத்தான் மிச்சம். இடைவேளையில் அமலநாதன் கிணற்றடியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தேன்.

"மன்னாருக்கு எப்ப வெளிக்கிடுறியள்?" என்றேன்.

"வெளிக்கிடேல்லை மிஸ்."

"மாற்றம் வந்திட்டுதெண்டு டொக்டர் சொன்னவ."

"வந்தது. வேண்டாமெண்டு திங்கக்கிழமையே எழுதிக் குடுத்திட்டன். டொக்டரின்ர கையிலதான் குடுத்துவிட்டனான்."

"ஒரு வருசமா எதிர்பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் தட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தட்டுத்தான். "கேக்கேக்க உங்களைத் தெரியாது" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன். "இப்ப தெரியுமோ?" என்றேன். முப்பத்தேழு வயதில் இப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறது என்று நான் அறிந்திருக்கவில்லை.

"கொஞ்சம்" என்றார். பிறகு, "மிச்சத்தையும் தெரிஞ்சுகொள்ள விருப்பம். நீங்கள் ஓமெண்டா. நான் உங்களுக்குக் கீழ வேலை செய்யிற ஆள். நான் வேதம், சேச்சுக்குப் போற ஆள். நீங்கள் சைவம். இதெல்லாம் யோசிச்சுப் போட்டுத்தான் கேக்கிறன். நீங்களும் யோசிச்சுச் சொன்னாப் போதும்."

மணி அடித்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் எழுந்து போனோம். பின்னேரம் வரை அடைத்தோம், சுத்தம் செய்தோம், ஆடுகிற பாற்பற்களை எடுத்தோம். நான் கை நீட்டுவதற்கு முன்னால் கருவி கையில் வந்தது. அது முன்பும் அப்படித்தான் வரும். இன்று ஒவ்வொரு முறையும் எனக்கு அது தெரிந்தது.

கடைசிப் பிள்ளை போனதும் முகக்கவசத்தைக் கழற்றினேன். "நான் யோசிச்சிட்டன்" என்றேன்.

"அவ்வளவு கெதியாவோ?"

"ஓம். கொஞ்ச நாளாவே யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான் போல."

அவர் உறிஞ்சிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதிலிருந்து தண்ணீர் அவருடைய செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

நவம்பர் 21, வியாழன்

காலையில் கடற்கரைக்குப் போய் அம்மாவை அழைத்தேன். வீட்டுக்குள் என்றால் செல்வராணிக்குக் கேட்கும்.

"அம்மா, கனடாக்காரருக்கு ஏலாது எண்டு சொல்லிவிடுங்கோ."

"ஏன், என்ன குறை அந்தப் பிள்ளையில?"

"குறையில்லை. இஞ்ச ஒரு ஆள் இருக்கிறார்."

அம்மாவின் சமையலறையில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அடுப்பை அணைத்துவிட்டார் என்று விளங்கியது.

"டொக்டரோ?"

"இல்லை. என்னோடை வேலை செய்யிறவர். உதவியாளர்."

"ம்."

"பேர் அமலநாதன். பேசாலை. வேதம்."

"ம்."

அந்த இரண்டாவது 'ம்' கீழே இறங்கி வந்தது. நான் ஒன்றும் விளக்கப் போகவில்லை. படகில் அவர் கை உரிந்ததைச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளிடம் பொய் சொல்லாததைச் சொல்லியிருக்கலாம். தங்கைகளைக் கட்டிக் கொடுத்ததைச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அம்மா மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா சளித் தடிமனா என்று தெரியவில்லை.

பிறகு கேட்டார். "பல்லாவது நல்லதோ அந்தாளுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறோம். ஒன்றாக இருந்து சாப்பிட்டிருக்கிறோம். வாயைத் திறந்த எவரையும் கண்டால் நான் முதலில் பார்ப்பது பல்லைத்தான், அது எனக்குத் தொழில் நோய். அவருடைய பல் எப்படி இருக்கும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் அங்கே பார்க்கவே இல்லை.

"தெரியாது அம்மா" என்றேன். "இண்டைக்குப் பாத்துச் சொல்லுறன்."

"வடிவாப் பார்" என்றார் அம்மா. அடுப்பை மறுபடியும் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.